கொளஞ்சிநாதன் வீட்டுத் துப்பாக்கி

சுரங்கத்துக்காக ஊரை எடுத்துக்கொண்டபோது கொளஞ்சிநாதனுக்குப் போனது ஆறு காணிக் கொல்லையும் ஒரு கிணறும். கிடைத்தது கன்வேயர் பெல்ட்டில் பெர்மனென்ட் வேலையும், நகரியத்தில் இரண்டு அறையுள்ள ஒரு குவார்ட்டர்ஸும். மனைவி விருத்தாம்பாளையும் ஐந்து வயது மகள் ஆதிலட்சுமியையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் வந்து இறங்கியபோது, பாய்ச் சுருட்டுக்குள் வைத்துக் கட்டிய ஒரு நாட்டுத் துப்பாக்கியும் கூடவே வந்தது.

அது அவருடைய அப்பா லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தது. கடலைக் கொல்லையில் பன்றி விரட்டுவதற்காக. ஆள் மார்பு உயரத்துக்கு நீளமான ஒற்றைக் குழாய். தோட்டா போடுகிற துப்பாக்கி அல்ல. குழாயின் வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்து இடித்து, ஈய ரவையைப் போட்டு, மறுபடி நாரை வைத்து இடித்துக் கெட்டிக்க வேண்டும். பின்பக்கம் ஒரு முளை இருக்கும். அதன்மேல் கடுகளவு மருந்துள்ள செப்புக் கேப்பு ஒன்றை மாட்டி விசையை இழுத்தால், குதிரை என்கிற சுத்தியல் விழுந்து கேப்பு வெடித்து, உள்ளே இருக்கும் மருந்துக்குத் தீ பாயும். ஒருமுறை கெட்டித்துவிட்டால் சுட்டால்தான் அது காலியாகும்.

ஊரில் அது கூரை வளையில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்க ஏணி வேண்டும். குவார்ட்டர்ஸில் கூரை வளை ஏது? கான்கிரீட் தளம். சமையலறைக் கதவுக்கு மேலே ஒரு பரண் இருந்தது. அதில் பழைய பாய்களுக்குப் பின்னால் துப்பாக்கியைத் தள்ளி வைத்தார். பரணுக்குக் கீழே ஜன்னல் திட்டு. ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறினால் ஒரு சிறுபிள்ளைக்கும் அது கை எட்டும் தூரம்தான். அதைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. அவர் மனசுக்குள் அது இன்னமும் கூரை உச்சியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அறுபத்திரண்டு தேர்தலுக்குத் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். தேர்தல் முடிந்து திருப்பி வாங்கப் போனபோது அங்கிருந்த ஏட்டு கேட்டார்.

"கொல்லைதான் இல்லியே உனக்கு. பன்னியும் இல்ல, கடலையும் இல்ல. இத வச்சிகினு என்னா பண்ணப் போற? எழுதிக் குடுத்துட்டுப் போயேன்."

"இருக்கட்டுங்க."

"வூட்ல கொழந்த இருக்குதா?"

"ஒரு பொண்ணுங்க."

"அப்பறம் என்னா?"

"எங்க வூட்டுக் கொழந்த தொடாதுங்க," என்றார் கொளஞ்சிநாதன். சொன்னபோது அதை முழுசாக நம்பித்தான் சொன்னார்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இசக்கிமுத்து இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மைன்ஸில் ஃபிட்டர். அவர் மனைவி மாணிக்கம்மாள். அவர்களுடைய ஒரே மகள் பொன்னம்மாள், கூப்பிடுவது பொன்னு. ஆதிலட்சுமியைவிட மூன்று வயது சின்னவள். அவள் சாப்பிடுவது இங்கே, தூங்குவது அங்கே என்று இருந்தாள். ஆதிலட்சுமி எங்கே போனாலும் அவள் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவாள்.

அறுபத்து மூன்று சித்திரையில் அவர்கள் குடியிருந்த பிளாக்குக்குள் ஒரு வெறிநாய் புகுந்தது. இரண்டு பேரைக் கடித்துவிட்டது என்றும், பள்ளிக்கூடச் சுவரோரம் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னார்கள். காலை பத்து மணி இருக்கும். இசக்கிமுத்து ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் தெருவே வந்தது.

"அண்ணாச்சி, துப்பாக்கிய எடுங்க. புள்ளையள வெளிய விட முடியல. நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

ஊரில் ஆறு காணிக்காரராக இருந்தவர் இங்கே வெறும் டோக்கன் நம்பர். நான்கு வருஷமாக யாரும் அவரை இப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் துப்பாக்கியை எடுத்து வாசலில் நிறுத்தினார். பெரியவர்களும் பிள்ளைகளும் சுற்றி நிற்க, நிதானமாகக் கெட்டித்தார். மருந்து, நார், ரவை, நார். ஒவ்வொன்றையும் போடும்போது இது என்ன என்று சொன்னார். கடைசியில் மூக்குப்பொடி டப்பாவிலிருந்து ஒரு கேப்பை எடுத்து விரல் நுனியில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினார்.

"இது இல்லாட்டி அது வெறும் கம்பி. ஆயிரம் தடவ இழுத்தாலும் ஒண்ணும் ஆவாது. இத இந்த மொளையில மாட்டணும். மாட்னாதான் வெடிக்கும். அதனால யாரும் இத தொடக் கூடாது, தெரியுதா?"

"தெரியுது மாமா," என்று பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து சொன்னார்கள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. கேப்பை முளையில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

நாய் வரவில்லை. அடுத்த தெருவில் துப்புரவுக்காரர்கள் அதைக் கம்பாலேயே அடித்துப் போட்டுவிட்டார்கள் என்று அரை மணி நேரத்தில் செய்தி வந்தது. கூட்டம் கலைந்தது. கெட்டித்த துப்பாக்கியோடு கொளஞ்சிநாதன் நின்றார். நகரியத்துக்குள் சும்மா வானத்தைப் பார்த்துச் சுட முடியாது, கேஸ் ஆகிவிடும். காடாம்புலியூரில் மச்சான் சிங்காரவேலின் முந்திரித் தோப்புக்கு எடுத்துப்போய்ச் சுட்டுவிட்டு வரலாம் என்று நினைத்தார்.

இசக்கிமுத்துதான் சொன்னார். "கெட்டிச்சது கெட்டிச்சபடியே இருக்கட்டும் அண்ணாச்சி. இன்னொண்ணும் கூடத் திரியுதுன்னு சொல்லுதாவ. திடீர்னு வந்தா அப்ப உக்காந்து இடிச்சிக்கிட்டா இருக்க முடியும்?"

அதுவும் சரிதான் என்று தோன்றியது. கேப்பைக் கழற்றி டப்பாவில் போட்டு, டப்பாவைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். துப்பாக்கி பரணுக்குப் போனது.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். அடுத்த ஞாயிறு ஒரு காதுகுத்து. அதற்கடுத்த வாரம் பஸ்ஸில் துப்பாக்கியோடு போனால் கண்டக்டர் ஏற்றுவானா என்று ஒரு யோசனை. ஒருநாள் விருத்தாம்பாள் பரணிலிருந்து பாய் எடுக்கும்போது, "இதுல மருந்து இருக்குது இல்ல?" என்று கேட்டாள். "கேப்பு இல்லடி," என்றார். அவள் பாயை எடுத்துக்கொண்டு போனாள். குழாய்க்குள் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினால் மருந்து செத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஊற்றவும் ஒருநாள் நினைத்தார். குழாய் துருப்பிடித்துவிடுமே என்று விட்டுவிட்டார்.

இப்படியே நாற்பது நாளைக்கு மேல் ஓடியது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்திய வாரம், ஒரு வியாழக்கிழமை. கொளஞ்சிநாதன் நைட் ஷிப்ட் முடித்து வந்து முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார். விருத்தாம்பாள் மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நின்றிருந்தாள். கொல்லைப்புறத்தில் ஆதிலட்சுமியும் பொன்னுவும் நாய் விளையாட்டு விளையாடினார்கள். நாற்பது நாளாகத் தெருப் பிள்ளைகள் எல்லாரும் விளையாடிய விளையாட்டுதான். ஒருத்தர் நாய், ஒருத்தர் கொளஞ்சி மாமா. வழக்கமாக விளக்குமாறுதான் துப்பாக்கி.

அன்றைக்கு ஆதிலட்சுமிக்கு விளக்குமாறு போதவில்லை. ஜன்னல் திட்டில் ஏறி நிஜத் துப்பாக்கியை இழுத்தாள். கனம் தாங்காமல் அது பாயோடு சரிந்து இறங்கியது. சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்தாள். உள்ளே மருந்து இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நாய் செத்துப்போன பிறகு துப்பாக்கியும் காலியாகிவிட்டது என்றுதான் எந்தப் பிள்ளையும் நினைக்கும். தீபாவளிக்குச் சுடுகிற கேப்பு மாதிரி ஒரு பட்டென்ற சத்தம் வரும், பொன்னு பயந்து துள்ளுவாள், அவ்வளவுதான் அவள் நினைத்தது. அப்பா சொல்லிக்கொடுத்தபடியே கேப்பை முளையில் மாட்டினாள். குழாயைத் துணி துவைக்கிற கல்லின்மேல் சாய்த்து வைத்தாள். குதிரையை இரண்டு கையாலும் பின்னுக்கு இழுத்தாள்.

பொன்னு நாலு காலில் நின்று குரைத்துக்கொண்டிருந்தாள்.

சத்தத்தில் எழுந்து ஓடிவந்த கொளஞ்சிநாதனுக்குப் புகைதான் முதலில் தெரிந்தது. பிறகு கல்லுக்கு அந்தப் பக்கம் பொன்னுவின் கால்கள். பன்றிக்குப் போடுகிற அளவுக்கு ரவை போட்டிருந்தார். துப்பாக்கி பின்னுக்கு உதைத்ததில் ஆதிலட்சுமி உதடு கிழிந்து விழுந்து கிடந்தாள். அவளைப் பார்த்துத்தான் அவர் முதலில் குனிந்தார். அதை மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்த மாணிக்கம்மாள் கண்டாள்.

இசக்கிமுத்துவை மைன்ஸிலிருந்து ஜீப்பில் கூட்டிவந்தார்கள். வேலையிடத்தில் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. கையில் கிரீஸோடு வந்து இறங்கியவர், ஏன் எல்லாரும் தன் வீட்டு முன்னால் நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

சாயங்காலம் போலீஸ் வந்து துப்பாக்கியை எடுத்துப் போனது. இன்ஸ்பெக்டர் வெளியூர் போயிருந்தார். வீட்டைச் சோதித்து எழுத அவர் இரண்டு நாள் கழித்துத்தான் வருவார் என்றார்கள். அந்த இரண்டு நாளில் மச்சான் சிங்காரவேல் காடாம்புலியூரிலிருந்து ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தான்.

"மாமா, கேளு. கொழந்த இருக்கற வூட்ல மருந்து கெட்டிச்ச துப்பாக்கிய சும்மா போட்டு வச்சிருந்தன்னா, கவனக்குறைவா சாவுக்குக் காரணமாயிட்டன்னு கேஸு. ஜெயிலு. ஜெயிலுக்குப் போனா வேல போச்சி, குவார்ட்டர்ஸ் போச்சி. பூட்டித்தான் வச்சிருந்தன், பொண்ணு சாவிய திருடித் தொறந்துடிச்சின்னா உம்மேல ஒண்ணும் இல்ல."

"பூட்டற பெட்டி ஏது எங்கிட்ட?"

"நான் கொண்டாறேன்."

"பாப்பாவ என்னா பண்ணுவாங்க?"

"ஒம்பது வயசுக் கொழந்தைய என்னா பண்ணுவாங்க? ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு வக்கீலே சொல்றாரு. அது சொல்லிட்டுப் போவப் போவுது. நாலு நாள்ல மறந்துடும்."

விருத்தாம்பாள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "வாணாங்க. அது தலையில போடாதீங்க. அதுவே ரெண்டு நாளா தண்ணி குடிக்கல."

சிங்காரவேல் அக்காவைப் பார்த்துக் கேட்டான். "மாமா ஜெயிலுக்குப் போனா நீ எங்க போவ? ஊருக்கா? ஊரு எங்க இருக்குது?"

அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

மறுநாள் மத்தியானம் மாட்டுவண்டியில் ஒரு நீளமான பலாப்பலகைப் பெட்டி வந்தது. சிங்காரவேல் வீட்டில் ஊஞ்சல் சங்கிலியும் பித்தளைச் சாமானும் போட்டு வைத்திருந்த பழைய பெட்டி. இரண்டு பேர் தூக்கி முன்னறைச் சுவரோரம் வைத்தார்கள். பூட்டின் சாவியைக் கொளஞ்சிநாதனின் அரணாக்கயிற்றில் கட்டிவிட்டான் சிங்காரவேல். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, பெட்டியின் நீள அகலத்தை எழுதிக்கொண்டார். போகும்போது கொளஞ்சிநாதனிடம், "ஒரு சொம்புத் தண்ணி ஊத்தியிருந்தா முடிஞ்சிருக்குமேய்யா," என்றார். கொளஞ்சிநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

பெட்டி வந்தது. இனி ஆதிலட்சுமிக்கு அதைப் பழக்க வேண்டும்.

கேஸ் கோர்ட்டுக்கு வர ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் கொளஞ்சிநாதன் அவளை எதிரில் உட்கார வைத்துக் கேட்பார்.

"துப்பாக்கி எங்க இருந்திச்சி?"

"பரண்ல."

"பொட்டியில. சொல்லு."

"பொட்டியில."

"பொட்டி எப்பிடி இருந்திச்சி?"

"பூட்டி இருந்திச்சி."

"சாவி?"

"உன் அரணாக்கயித்துல."

"யாரு எடுத்தது?"

அவள் அந்த இடத்தில் நின்றுவிடுவாள். முதல் மாதத்தில் அழுதாள். "நான் எடுக்கலப்பா, சாவியே இல்லியேப்பா," என்றாள். சரியாகச் சொன்னால் ஒரு கல்கோனா மிட்டாய் கொடுத்தார். இரண்டாம் மாதத்தில் விருத்தாம்பாள் தானே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். தலை பின்னும்போது கேட்பாள், சோறு போடும்போது கேட்பாள். தப்பாகச் சொன்னால் பின்னலைப் பிடித்து இழுப்பாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வரும் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அவளுக்கு அந்த வேகம் வந்திருந்தது. ஐந்தாவது மாதத்தில் ஆதிலட்சுமி எங்கும் நிற்காமல் சொன்னாள்.

"நீ தூங்கிகினு இருந்த. நான் மெதுவா கயித்துலேருந்து சாவிய உருவுனேன். நீ பொரண்டு படுத்த. நான் கதவுகிட்ட போயி நின்னுட்டு, அப்பறமா பொட்டியத் தொறந்தன்."

அவர் புரண்டு படுத்ததை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கொளஞ்சிநாதன் அன்றைக்கு மகள் கையில் இரண்டு கல்கோனா வைத்தார்.

கோர்ட்டில் அவளை ஒரு ஸ்டூல்மேல் ஏற்றி நிறுத்தினார்கள். எல்லாவற்றையும் ஒரு தப்பு இல்லாமல் சொன்னாள். மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"அப்பா தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரா?"

"சொன்னாருங்க."

"பிறகு ஏன் திருடினே? இந்த வயசுல திருட்டுப் புத்தி எங்கிருந்து வந்தது?"

அதற்கு யாரும் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆதிலட்சுமி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கே தெரியலீங்க," என்றாள் அவள்.

இசக்கிமுத்துவையும் விசாரித்தார்கள். பக்கத்து வீட்டில் பூட்டும் பெட்டி இருந்தது தெரியுமா என்று கேட்டதற்கு, "நான் அவங்க வீட்டுக்குள்ள அவ்வளவா போறதில்ல," என்றார். வெறிநாய் வந்த காலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் பெஞ்சில் மாணிக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

கொளஞ்சிநாதனை விட்டுவிட்டார்கள். லைசென்ஸை ரத்து செய்து துப்பாக்கியைப் பறிமுதல் செய்ததோடு சரி. வேலை நிலைத்தது. துருப்பிடித்துவிடக் கூடாது என்று அவர் பார்த்துப் பார்த்து வைத்திருந்த குழாய் ஸ்டேஷன் மூலையில் துருப்பிடித்தது.

அவருக்குத் தண்டனை இல்லாமல் போனதால், அதை யாருக்காவது கொடுத்தாக வேண்டியிருந்தது நகரியத்துக்கு. துப்பாக்கியைக் குழந்தை தொட்டுச் சுட்டது என்றால் பாவம் குழந்தை என்று விட்டிருப்பார்கள். தூங்கும் அப்பனின் இடுப்பிலிருந்து சாவி திருடி, பெட்டி திறந்து, குறி வைத்துச் சுட்ட பிள்ளையை யாருக்கும் பாவம் என்று தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் சாவிக்கள்ளி. பென்சில் காணாமல் போனால் முதலில் அவள் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். அவளைத் தனியாக ஜன்னலோரம் உட்கார வைத்தார் ஒரு டீச்சர். தாய்மார்கள் அவள் தெருவில் வந்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்கள். ஆறாம் வகுப்போடு அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். போகச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை.

வீட்டுக்குள்ளும் ஒன்று நடந்தது. எதை எடுப்பதானாலும் அவள் கேட்டுவிட்டு எடுக்க ஆரம்பித்தாள். "அம்மா, தண்ணி மொண்டுக்கவா?" "அம்மா, சீப்பு எடுத்துக்கவா?" பத்து வயதில் கேட்டாள். பதினான்கு வயதிலும் கேட்டாள். கொளஞ்சிநாதன் சட்டையைத் துவைக்கும்போது பையில் ஏதாவது இருந்தால், அவளே எடுக்க மாட்டாள். சட்டையை அப்படியே கொண்டுவந்து நீட்டுவாள்.

"நீயே எடுத்து வையேன்டி," என்று ஒருமுறை கத்தினார்.

"வாணாம்பா. எனக்கு அது சரியில்ல," என்றாள்.

இசக்கிமுத்து குடும்பம் கேஸ் முடிந்த வருஷமே வேறு பிளாக்குக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டது. அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை.

அறுபத்தொன்பது ஐப்பசியில் வளையமாதேவியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு முப்பத்தொரு வயது, முதல் மனைவி இறந்துபோனவன், இரண்டு சின்னப் பிள்ளைகள். வேறு யாரும் ஆதிலட்சுமியைக் கேட்டு வரவில்லை. அவளுக்குப் பதினைந்து முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கலியம்மாள் முன்னறையில் பெட்டியின்மேல் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, பெண்ணை எதிரில் நிற்க வைத்துக்கொண்டே பேசினாள்.

"எல்லாம் கேள்விப்பட்டுத்தான் வந்திருக்கறோம். சின்ன வயசுல பண்ணது. போவட்டும். ஆனா ரெண்டு விசயம் சொல்லிடறன். வூட்டுச் சாவி எதுவும் இது கையில தர மாட்டன். அப்பறம், எம் பேரப் புள்ளைங்கள இதுகிட்ட தனியா வுட மாட்டன். இதுக்கு ஒத்துக்கினா பேசலாம்."

விருத்தாம்பாள் கணவன் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் ஆதிலட்சுமியே சொன்னாள்.

"சரிங்க. எனக்கும் அதுதாங்க நல்லது."

அவர்கள் போனதும் கொளஞ்சிநாதன் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு மகளைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால் பாடம் கேட்டபோது உட்கார்ந்த அதே மாதிரி அவள் கால் மடித்து உட்கார்ந்தாள்.

"பாப்பா, நீ சாவி திருடல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சாவியே இல்ல. துப்பாக்கி பரண்ல கெடந்திச்சி. மருந்து கெட்டிச்சபடி நான்தான் வச்சிருந்தன். கேப்பு எங்க இருக்குது, எப்பிடி மாட்டறதுன்னு உனக்கு நான்தான் காட்டுனன். வேல போயிடும்னு நான்தான் உன்ன அப்பிடிச் சொல்ல வச்சன்."

"பொட்டி?" என்று கேட்டாள் ஆதிலட்சுமி. "பொட்டி இங்கதான இருக்குது?"

"அது உங்க மாமன் வூட்டுப் பொட்டி. அப்பறமா வந்தது."

அவள் அப்பாவுக்காக வருத்தப்படுகிற மாதிரி ஒரு முகம் வைத்துக்கொண்டாள்.

"இல்லப்பா. எனக்கு ஞாபகம் இருக்குது. சாவி சில்லுன்னு இருந்திச்சி. நீ பொரண்டு படுத்த. நான் கதவுகிட்ட நின்னன். அந்தம்மா அப்பிடிப் பேசிட்டாங்கன்னு எனக்காவ நீ சொல்ற. வாணாம்பா, வுடு."

"அடியே, நான் சொல்றன்டி. நான் பண்ணன்டி."

விருத்தாம்பாளும் வந்து உட்கார்ந்து சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள். இரண்டு பேரும் எவ்வளவு சொன்னார்களோ அவ்வளவுக்கு அவள் அதை நம்பவில்லை. பெற்றவர்கள் அப்படித்தானே சொல்வார்கள் என்றாள். கடைசியில், "இசக்கி மாமாவுக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல? பக்கத்து வூடு. அவங்க சொல்லட்டும், நம்பறேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொளஞ்சிநாதன் சைக்கிளை எடுத்துக்கொண்டு இசக்கிமுத்து இருந்த பிளாக்குக்குப் போனார். இந்த ஆறு வருஷத்தில் இப்போதுதான் முதல்முறையாக அவர் வாசலில் போய் நிற்கிறார். இசக்கிமுத்து கதவைத் திறந்து, பார்த்து, வெளியே வந்து கதவைச் சாத்தினார். தலை பாதி நரைத்திருந்தது. கொளஞ்சிநாதன் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். பெட்டி பொய், சாவி பொய் என்றார்.

"அது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிய?" என்றார் இசக்கிமுத்து. குரலைத் தாழ்த்தியே பேசினார். "எம் புள்ளையப் பொதச்ச மறுநாளு. ஜன்னல்ல நிக்கேன். வண்டியிலருந்து பெட்டிய எறக்குதாவ. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"அப்ப கோர்ட்ல ஏன் சொல்லல?"

"சொன்னா அடுத்து என்ன கேப்பாங்க? ஏன் கெட்டிச்சு வச்சிருந்தாருன்னு கேப்பாங்க. கெட்டிச்சது கெட்டிச்சபடி இருக்கட்டும்னு சொன்னது யாருன்னு கேப்பாங்க." அவர் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார். "அவளுக்குத் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"எம் பொண்ணுகிட்ட மட்டும் வந்து ஒரு வார்த்த சொல்லு இசக்கி. வேற யாருக்கும் வாணாம்."

"உம்ம பொண்ணு உசிரோட இருக்கால்லா?"

இசக்கிமுத்து கதவின் கைப்பிடியில் கை வைத்தார்.

"அது போதும் உமக்கு. போங்க."

வீட்டுக்கு வந்ததும் ஆதிலட்சுமி கேட்டாள். "பாத்தியாப்பா?"

"வூட்ல இல்ல," என்றார்.

மறுநாள் அவர் பகல் ஷிப்ட். வேலை முடிந்து வந்தபோது ஆதிலட்சுமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"நானே போயிட்டு வந்தன்பா, இசக்கி மாமா வூட்டுக்கு. கல்யாணம் கட்டிகினு போறதுக்கு முன்ன ஒரு தடவ மன்னிப்புக் கேக்கணும்னு தோணிச்சி. மாணிக்கம்மா அத்த கால்ல வுழுந்தன். சாவி எடுத்தது நான்தான், என்னை மன்னிச்சிடுங்கன்னு சொன்னன்."

கொளஞ்சிநாதன் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார்.

"அத்த என்னா சொன்னா?"

"மொதல்ல கால இழுத்துகினாங்க. அப்பறம், ஒனக்குப் பொறக்கறது ஒனக்குத் தங்கக் கூடாதுன்னு ஆறு வருசமா வேண்டிக்கிட்டு இருந்தேன், இனிமே வேண்ட மாட்டேன், எந்திரிச்சுப் போன்னு சொன்னாங்க." அவள் முறத்தை ஒருமுறை தட்டினாள். "மாமாவும் இருந்தாங்கப்பா. நாற்காலியிலதான் உக்காந்திருந்தாங்க. நான் சொன்னதெல்லாம் கேட்டுகினே இருந்தாங்க. சாவிய நான் எடுக்கலன்னா, அவங்க அப்பவே சொல்லியிருப்பாங்க இல்ல?"

விருத்தாம்பாள் சமையலறை வாசலில் வந்து நின்று, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தாள்.

"சொல்லுப்பா. சொல்லியிருப்பாங்க இல்ல?"

"ஆமாம்மா," என்றார் கொளஞ்சிநாதன்.

தை பிறந்ததும் கல்யாணம் முடிந்தது. அவளை வளையமாதேவியில் விட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பினார்கள். பஸ் கிளம்புகிறவரை அவள் வாசலில் நின்றாள். மாப்பிள்ளையின் இரண்டு பிள்ளைகளும் பாட்டியின் இரண்டு கைகளிலும் இருந்தார்கள்.